மொட்டைச் சுறாவும் மலைநாட்டுக் கூந்தலும்

கேமரன் மலைக்குக் கடல் ஏறி வந்துவிட்டது. தண்ணீராக அல்ல, டப்பாவாக. வெள்ளை டப்பா. நீல எழுத்து. மேலே துள்ளுகிற ஒரு மீன். கீழே இடுப்புக்குக் கீழ் கூந்தல் தொங்கும் ஒரு பெண். இரண்டுக்கும் நடுவில் ஒரு வரி: ‘அறிவியல்பூர்வமாக நிரூபிக்கப்பட்டது’. நாம் காசு கொடுப்பது அந்த வரிக்குத்தான். மீன் இலவச இணைப்பு.

கடல் புரதம் என்கிறார்கள். சுறாவின் குருத்தெலும்பையும் சிப்பிச் சதையையும் காயவைத்து அரைத்த தூள். அதோடு கொஞ்சம் துத்தநாகம், கொஞ்சம் வைட்டமின் சி, கொஞ்சம் பயோட்டின். முடி கொட்டுகிறவர்கள் காலையில் ஒன்று, இரவில் ஒன்று போட வேண்டுமாம். ஆறு மாதம் விடாமல் போட வேண்டுமாம். ஆறு மாதத்தில் வளராவிட்டால்? “உங்க உடம்புக்கு லேட்டாத்தான் பிடிக்கும், அக்கா. இன்னும் ஆறு மாசம் போடுங்க லா.”

நம் பாட்டிகளும் கடல் புரதம் தின்றவர்கள்தான். அதற்குப் பெயர் கருவாடு. லயத்து அடுப்பில் அது வறுபட்டால் துரை பங்களா வரை மணக்கும். துரை மூக்கைப் பொத்திக்கொள்வார். இன்று அதே கடல், அதே காய்ந்த சதை. மணத்தை எடுத்துவிட்டார்கள், விலையை ஏற்றிவிட்டார்கள், துரைமார் தேசத்திலிருந்தே கப்பலேற்றி அனுப்புகிறார்கள். பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு கிண்டிக் கொடுத்த இனம் நாம். பால் சுரக்கட்டும் என்று கொடுத்தார்கள். கூந்தல் முழங்காலைத் தொடும் என்று எந்தக் கிழவியும் அடித்துச் சொல்லவில்லை. பாவம், அவர்களுக்கு வியாபாரம் தெரியாது.

இந்த மாத்திரைக்கு ஒரு தலபுராணமும் உண்டு. 1980களில் ஸ்காண்டிநேவியப் பேராசிரியர் ஒருவர் வடதுருவத்து இனுவிட் மக்களைப் பார்த்தாராம். அவர்கள் தலைமுடியின் செழிப்பைக் கண்டு மலைத்தாராம். காரணம் அவர்கள் உண்ணும் மீன்தான் என்று கண்டுபிடித்தாராம். விளம்பரங்கள் இந்தக் கதையைச் சலிக்காமல் சொல்கின்றன. பேராசிரியர் அவ்வளவு குளிரில் சிரமப்பட்டிருக்க வேண்டாம். பங்கோர் தீவுக்கு வந்திருக்கலாம். நாகப்பட்டினத்துக்குப் போயிருக்கலாம். மூன்று வேளையும் மீன் தின்று, கடல் காற்றிலேயே வளர்ந்து, உச்சந்தலை பளபளக்கும் மீனவர்களை வரிசையாக நிறுத்திக் காட்டியிருப்போம்.

அதுவும் வேண்டாம். சுறாவையே கேட்டிருக்கலாம். உடம்பு முழுக்கக் கடல் புரதம். ஒரு மயிர் கிடையாது.

ஆனால் சுறாவுக்கு 1992 ராசியான ஆண்டு. அந்த ஆண்டில்தான் அமெரிக்காவில் ஒரு புத்தகம் வந்தது. சுறாவுக்குப் புற்றுநோய் வராது, ஆகையால் சுறாவின் குருத்தெலும்பைத் தின்றால் உங்களுக்கும் வராது என்று அது சொன்னது. சுறாவுக்குப் புற்றுநோய் வரும். மருத்துவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். அதற்குள் குருத்தெலும்பு மாத்திரை அலமாரிகளை நிரப்பிவிட்டது. நுரையீரல் புற்றுநோயாளிகளுக்குக் குருத்தெலும்புச் சாற்றைக் கொடுத்துச் சோதித்த பெரிய ஆய்வின் முடிவு 2007இல் வந்தது. பலன் இல்லை. பதினைந்து ஆண்டுகள். அத்தனை ஆண்டும் செத்தது நோயாளியும் சுறாவும். இன்று சுறா, திருக்கை இனங்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் அழிவு அபாயத்தில் இருக்கின்றன. நம் சீப்பில் சிக்கும் முடிக்கும் அவைதான் பலி.

அதே 1992இல்தான் கூந்தல் மாத்திரையின் வேதநூலும் வெளியானது. பின்லாந்துக்காரர்கள் இருவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை. விவிஸ்கல் என்ற மாத்திரை பற்றியது. பரம்பரை வழுக்கை தொடங்கிய இளைஞர்கள் நாற்பது பேர். இருபது பேருக்கு மாத்திரை, இருபது பேருக்கு மீன் சாறு. ஆறு மாதம் கழித்து எண்ணினார்கள். மாத்திரை தின்றவர்களுக்குத் தடித்த முடி 38 விழுக்காடு கூடியதாம். மீன் சாறு குடித்தவர்களுக்கு 2 விழுக்காடு. அதோடு நிறுத்தியிருந்தால்கூட மரியாதை தப்பியிருக்கும். நிறுத்தவில்லை. மாத்திரைக் கூட்டத்தில் இருபதில் பத்தொன்பது பேருக்கு வழுக்கை குணமாகிவிட்டது என்று எழுதினார்கள். 95 விழுக்காடு. குணம்!

கொஞ்சம் நின்று யோசியுங்கள். மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்த நாளிலிருந்து வழுக்கைக்கு மருந்து தேடுகிறான். சக்கரவர்த்திகள் தேடினார்கள். சினிமா நாயகர்கள் தேடினார்கள். இன்றுவரை விக் வைத்துக்கொண்டு தேடுகிறார்கள். அமெரிக்க மருந்து நிர்வாகம் 1988இல் மினாக்ஸிடிலுக்கும் 1997இல் ஃபினாஸ்டரைடுக்கும் அனுமதி கொடுத்தது. அந்த இரண்டுகூட இருபதில் பத்தொன்பது பேரைக் குணமாக்குவோம் என்று மார்தட்டுவதில்லை. 1992இலேயே வழுக்கை குணமாகிவிட்டதென்றால், முப்பது ஆண்டுகளாக நாடாளுமன்றத்தின் முன்வரிசை ஏன் இப்படி மின்னுகிறது?

எனக்கு அந்த ஆய்வில் மிகவும் பிடித்தது மீன் சாறுதான். மீனால் முடி வளரும் என்பது கதை. கதையை நிரூபிக்க ஆய்வு. ஆய்வில் ஒரு கூட்டத்துக்கு மீனையே கொடுத்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவனுக்கும் குணமாகவில்லை. அதாவது மீன் தோற்றது, மீன் மாத்திரை ஜெயித்தது. இனுவிட் மக்கள் ஏமாந்துபோனார்கள். அத்தனை தலைமுறையாக டப்பா இல்லாமல் தின்றுவிட்டார்கள்.

பின்னால் வந்த ஆய்வுகளும் உண்டு. 2012இல் அமெரிக்காவில் ஒன்று. தனக்கு முடி குறைகிறது என்று தானே உணர்ந்த பெண்கள் பதினைந்து பேர். பத்துப் பேருக்கு மாத்திரை. ஐந்து பேருக்கு வெற்று மாத்திரை. ஐந்து பேர்! நம் கல்யாண வீட்டில் சாம்பாருக்கு உப்புப் பார்க்கவே அதைவிட அதிகம் பேர் வருவார்கள். மாத்திரை தின்ற பத்துப் பேரின் தலையில் குறித்துவைத்த இடத்தில் சராசரியாக 271 தடித்த முடி இருந்ததாம். மூன்று மாதத்தில் 571 ஆனதாம். ஆறு மாதத்தில் 609. இரு மடங்குக்கு மேல். இப்படி ஒரு விளைச்சலை மலையில் எந்த முட்டைக்கோஸ் தோட்டமும் கண்டதில்லை. வெற்று மாத்திரை தின்ற ஐவருக்கு 256இலிருந்து 242. 2015இல் அதே ஆய்வாளர் அறுபது பெண்களை வைத்து இன்னொன்று செய்தார். அதிலும் மாத்திரைக்கே வெற்றி. மாத்திரைக்கு எப்போதும் வெற்றிதான். தோற்க அதற்குத் தெரியாது.

இந்த அமெரிக்க ஆய்வுகளுக்குக் காசு யார் கொடுத்தது? மாத்திரை விற்ற கம்பெனி. மறைக்கவில்லை, கட்டுரையிலேயே எழுதியிருக்கிறது. விளம்பரத்தை எழுதுகிறவர் கண்ணுக்குத்தான் அது ஒருபோதும் படாது. ஐரிஷ் கம்பெனி அது. 2017இல் அந்த மாத்திரை வியாபாரத்தை அமெரிக்கக் கம்பெனி ஒன்று சுமார் 16 கோடி டாலருக்கு வாங்கியது. சமையல் சோடாவுக்குப் பேர்போன கம்பெனி. நாற்பது இளைஞர்கள், பதினைந்து பெண்கள், அறுபது பெண்கள், இன்னும் கொஞ்சம் பேர். மொத்தத் தலைகளையும் ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாப் பந்திக்குள் அடக்கிவிடலாம். அந்தப் பந்தியின் மதிப்பு 16 கோடி டாலர்.

கேமரன் மலை மக்களுக்கு இதில் ஒன்று விளங்காமல் போகலாம். 2018 பொதுத் தேர்தலில் இந்தத் தொகுதியில் வாக்காளர்களுக்குக் காசு கொடுக்கப்பட்டது என்று தேர்தல் நீதிமன்றம் கண்டது. வெற்றியைச் செல்லாது என்றது. 2019 ஜனவரியில் மறுபடி ஓட்டுப் போட மலையேறினோம். ஓட்டுப் போடுகிறவனுக்கு அதில் அக்கறையுள்ளவன் காசு கொடுத்தால் தேர்தல் செல்லாது. முடியை எண்ணுகிறவனுக்கு அதில் அக்கறையுள்ளவன் காசு கொடுத்தால்? அது ஆராய்ச்சி. சட்டப்படி சரிதான். குற்றமே இல்லை. அதுதான் எரிச்சல்.

நியாயமாகப் பேச வேண்டும் என்பார்கள். பேசுவோம். முடி உதிர்வுக்கான சத்து மாத்திரைகள் பற்றிய முப்பது ஆய்வுகளைச் சேர்த்து அலசிய ஒரு கட்டுரை ஜாமா டெர்மடாலஜி இதழில் வந்தது. பலன் இருக்கக்கூடும் என்ற பட்டியலில் கடல் புரத மாத்திரைகளும் இருந்தன. பக்க விளைவுகளும் குறைவு. ‘இருக்கக்கூடும்’ என்பது மருத்துவரின் வார்த்தை. அது மலையேறி வருவதற்குள் ‘நிரூபிக்கப்பட்டது’ ஆகிவிடுகிறது. அதே பட்டியலில் பூசணி விதை எண்ணெயும் இருந்தது. அதற்கு யாரும் 16 கோடி டாலர் கொடுக்கவில்லை.

நம் நாட்டுச் சரக்கும் அதில் உண்டு. பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகம் 2010இல் வெளியிட்ட ஆய்வு. டொக்கோட்ரையினால் என்ற வைட்டமின் ஈ வகையைப் பற்றியது. நம் செம்பனையில் நிறைய இருக்கிறது. 21 பேருக்கு அது, 17 பேருக்கு வெற்று மாத்திரை. எட்டு மாதத்தில் முடி எண்ணிக்கை 34.5 விழுக்காடு கூடியது என்றார்கள். சின்ன ஆய்வுதான், இதையும் நான் தலையில் தூக்கிவைத்து ஆடவில்லை. ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். செம்பனைக் குலை தள்ளி முதுகொடிந்தவர்கள் தமிழர்கள். முடி வளர்க்கும் பெருமையைக் கடல் சுறாவிடம் கொடுத்துவிட்டு நாம் கைகட்டி நிற்கிறோம். ஏமாறுவதில்கூட நமக்கு உள்ளூர்ப் பற்று இல்லை.

உயிரியல் பாடம் ஒன்றும் பெரிதில்லை. முடி கெரட்டின் என்ற புரதம். வயிற்றுக்குள் போன புரதம் எதுவும் புரதமாகத் தலைக்கு ஏறாது. சுறாவானாலும் பருப்பானாலும் குடல் அதை அமினோ அமிலங்களாக நொறுக்கிவிடும். நொறுங்கியபின் எது சுறா, எது சுண்டல் என்று உடம்புக்கு அடையாளம் தெரியாது. சாதி பார்க்காத ஒரே இடம் குடல். ‘இந்த அமிலம் ஆழ்கடலிலிருந்து வந்தது, இதை உச்சந்தலைக்கு அனுப்பு’ என்று அங்கே எந்தக் கங்காணியும் உத்தரவு போடுவதில்லை.

பயோட்டினைச் சேர்த்திருக்கிறோம் என்பார்கள். பயோட்டின் குறைபாடு அபூர்வம். ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்கு அந்தப் பயமே வேண்டாம். அளவுக்கு மிஞ்சிய பயோட்டின் இரத்தப் பரிசோதனை முடிவுகளைக் குழப்பும் என்று 2017இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்தது. மாரடைப்பைக் காட்டிக்கொடுக்கும் டிரோப்போனின் பரிசோதனைகூடத் தப்பாக வரலாம். முடியைக் காப்பாற்றப் போய் நெஞ்சுவலியை மறைத்த கதையாகும்.

நம் நாட்டில் இதையெல்லாம் கேட்க ஆளில்லையா? இருக்கிறார்கள். தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு இருக்கிறது. மருந்து விளம்பரத்துக்கென்றே 1956ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, மெர்டேக்காவைவிட ஒரு வயது மூத்தது. பதிவான டப்பாவில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண் இருக்கும். சத்து மாத்திரையென்றால் கடைசியில் ‘என்’ என்ற எழுத்து. மினுங்கும் ஒரு ஸ்டிக்கர். இந்தப் பொருள் சுத்தமானது, உங்களைக் கொல்லாது என்பதுதான் அந்த எண்ணின் சாரம். முடி வளர்க்கும் என்று அரசாங்கம் சத்தியம் செய்யவில்லை. ஆனால் ஏஜெண்டு செய்வார். “கே.கே.எம். லுலுஸ், அக்கா! சுகாதார அமைச்சே பாஸ் பண்ணிருச்சு.” அமைச்சு பாஸ் போட்டது டப்பாவுக்கு. ஏஜெண்டு பாஸ் போடுவது வழுக்கைக்கு.

பதிவு தொல்லையென்றால் வேறு வழியும் உண்டு. எண்பது விழுக்காடோ அதற்கு மேலோ உணவுப் பொருளாக இருந்தால் அது மருந்து அமைப்பின் கைக்கே போகாது. உணவுச் சட்டத்துக்குள் போய்விடும். மீன் தோலையும் செதிலையும் காய்ச்சிய கொலாஜன் தூள் ஸ்ட்ராபெர்ரி மணத்தோடு பாக்கெட்டில் வருகிறதே, அந்த வகையறா. பாக்கெட்டில் நோய் தீரும் என்று எழுதக்கூடாது. எழுத மாட்டார்கள். வாயால் சொல்வார்கள். வாட்சாப்பில் சொல்வார்கள். ‘முன்’, ‘பின்’ என்று இரண்டு படம் போடுவார்கள். ‘முன்’ படத்தில் விளக்கு எரியாது. ‘பின்’ படத்தில் எரியும். அந்தத் தோலும் செதிலும் மீன் கடைக்காரர் வாளியில் கொட்டும் கழிவு. அவரிடம் கேட்டால் சும்மா அள்ளிக்கொண்டு போகச் சொல்வார்.

விற்பவர் வில்லன் அல்ல என்பதுதான் இதில் கொடுமை. அவரும் நம் வீட்டுப் பெண்தான். ஹோட்டல் துணி துவைத்து இடுப்பு விட்டுப்போனவர். பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் சோளம் விற்றவர். மேலே இருக்கிற ஒருவர் அவரைச் சேர்த்தார். அவருக்கு மேலே ஒருவர். பிரமிடு வியாபாரத்தைத் தடுக்க 1993இலேயே சட்டம் போட்டாயிற்று. பிரமிடு இல்லை, வெறும் முக்கோணம் என்கிறார்கள். இந்த அக்கா வாங்கிக் குவித்த இருபது டப்பா கட்டிலுக்கடியில் கிடக்கிறது. காலாவதித் தேதிக்குள் இருபது தலை தேட வேண்டும். அவர் தலையிலும் முடி கொட்டுகிறது. கவலையில்.

சரி, மலையில் முடி கொட்டுவது யாருக்கு? இதைத்தான் டப்பா கேட்பதே இல்லை.

பிள்ளை பெற்று மூன்று மாதமான பெண்ணுக்குக் கொட்டுகிறது. அது இயற்கை. பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் தானே நின்று, தானே வளரும். டெங்கியில் படுத்து எழுந்தவருக்குக் கொட்டுகிறது. அதுவும் இரண்டு மூன்று மாதம் கழித்துத் தொடங்கும், ஆறு மாதத்தில் அடங்கும். இப்போது ‘ஆறு மாதம் விடாமல் போடுங்கள்’ என்பதன் சூட்சுமம் விளங்குகிறதா? முடி தன்பாட்டில் வளர எடுத்துக்கொள்ளும் காலம் அது. வளர்ந்தபின் புகழ் மாத்திரைக்கு. மழை வரும் மாதம் பார்த்து யாகம் வளர்க்கிற சாமியாரின் சாமர்த்தியம்.

இன்னொரு பெண்ணும் இருக்கிறார். அவருக்கு நிற்பதில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. நகம் வெளுத்திருக்கிறது. மதியத்துக்கு மேல் தலை சுற்றுகிறது. சீப்பு நிறைய முடி. அவருக்குக் குறைவது கடல் அல்ல, இரத்தம். 2019ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் பத்தில் மூவருக்கு இரத்த சோகை. பத்தில் மூவர்! வளர்ந்த நாடு, இரட்டைக் கோபுரம், விரைவு ரயில், பத்தில் மூன்று பெண்ணுக்கு இரத்தம் இல்லை. இரும்புச்சத்துக் குறைவுக்கும் முடி உதிர்வுக்கும் உள்ள உறவு எவ்வளவு நெருக்கம் என்று மருத்துவர்களுக்குள் வாதம் நடக்கிறது, நடக்கட்டும். இரத்த சோகையைத் தீர்ப்பதில் நட்டம் உண்டு என்று அவர்களில் ஒருவரும் சொல்லவில்லை.

சோதிக்க எவ்வளவு ஆகும்? அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குச் சீட்டு ஒரு வெள்ளி. இரும்பு மாத்திரையும் அங்கேயே கொடுப்பார்கள். தானா ராத்தாவில் சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனையும் இருக்கிறது. ஒரு வெள்ளி ஒரு பக்கம். டப்பா இன்னொரு பக்கம். பிறகு ஏன் அந்தப் பெண் டப்பாவை வாங்குகிறார்? படிப்பறிவில்லை என்று கோலாலம்பூரில் ஏசியறையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வார்கள். படிப்பறிவெல்லாம் இருக்கிறது. கணக்குத்தான் வேறு. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி. மாதம் 26 நாள் வேலையென்றால் ஒரு நாளைக்கு 65 வெள்ளி. கிளினிக்கில் சீட்டுக்கு ஒரு வெள்ளி, வரிசைக்கு ஒரு பகல். தோட்டத்து வளைவுப் பாதையில் இறங்கிப் போக வண்டிக் கூலி. லீவு கேட்டால் முதலாளி முகம். ஒரு வெள்ளி மருத்துவம் அவருக்கு எழுபது எண்பது வெள்ளி ஆகிறது. டப்பா வாசல் தேடி வருகிறது. தவணையில் கிடைக்கிறது. ராத்திரி எட்டு மணிக்கு வருகிறது. கொண்டுவருகிறவர் உட்கார்ந்து, “என்னா அக்கா, இப்படி இளைச்சுட்டீங்க?” என்று கேட்கிறார். அப்படிக் கேட்க அரசாங்கம் யாரையும் அனுப்பவில்லை.

டப்பா 150 வெள்ளி என்று வையுங்கள். இரண்டு நாள் சம்பளத்துக்கு மேல். ஆறு மாதத்துக்கு ஆறு டப்பா, 900 வெள்ளி. இதே மலேசியா 2013இல் முதன்முதலாகக் குறைந்தபட்சச் சம்பளத்தை நடைமுறைப்படுத்தியபோது தீபகற்பத்துக்கு நிர்ணயித்த முழு மாதக் கூலி அது. அன்று அதைக் கொடுத்தால் தொழில் நொடிந்துவிடும் என்று முதலாளிமார் சங்கங்கள் கதறின. இன்று அதே 900ஐ ஒரு தொழிலாளி தன் தலைமுடிக்குக் கொட்டலாமாம். அப்போது யாரும் நொடிந்துபோக மாட்டார்களாம்.

அந்த இரத்த சோகையில் தேயிலைக்கும் பங்கு உண்டு. சாப்பாட்டோடு சாயம் கடுப்பாகத் தேத்தண்ணி குடித்தால், கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்புச்சத்தில் பாதிக்கு மேல் உடம்பில் ஏறாமல் போகும். தேயிலையின் டானின் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும், காசு செலவில்லாத வைத்தியம். ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் போ தோட்டத்தைத் தொடங்கிய நாளிலிருந்து இந்த மலையில் கொழுந்து பறித்தவர்களுக்கு, சோறும் தேத்தண்ணியும்தான் பசியடக்கின. கொழுந்து பறித்தவளின் இரத்தத்தையே கொழுந்து குடித்தது என்று நான் சொன்னால் அலங்காரம் என்பீர்கள். உயிர்வேதியியல் ஐயா, அலங்காரம் இல்லை.

அந்தப் பெண்களில் பெரும்பாலோர் இப்போது தோட்டத்தில் இல்லை. பிள்ளைகளோடு ஈப்போவுக்கும் ஷா ஆலாமுக்கும் இறங்கிவிட்டார்கள். இன்று இயந்திரம் பிடித்துக் கொழுந்து வெட்டுகிறவர்கள் வங்காளதேசத்தவர், நேப்பாளி, இந்தோனேசியர். அவர்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் அந்த ஒரு வெள்ளிச் சீட்டும் கிடையாது. வெளிநாட்டவர் கட்டணம் பல மடங்கு. ஆக அவர்கள் தலைக்கும் டப்பா ஒரு நாள் போய்ச் சேரும். வங்காள மொழியிலும் ‘நிரூபிக்கப்பட்டது’ என்று எழுதத் தெரிந்த ஏஜெண்டு கிடைத்தால் போதும். மேலே சுங்கை பாலாஸ் மாடத்தில் சுற்றுலாப் பயணிகள் பச்சை மலையைப் பின்னால் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் முடி காற்றில் அழகாகத்தான் பறக்கும்.

முடி விஷயத்தில் நம் ஆட்கள் கஞ்சர்களும் அல்ல. முருகனுக்கு வேண்டிக்கொண்டால் முழுத்தலையையும் கொடுத்துவிடுவோம். திருமலையில் பெருமாளுக்கு நாம் கொடுத்த காணிக்கை முடியோ ஏலம் போகிறது. தேவஸ்தானத்துக்கு ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் வருமானம். நீளமானது விக் ஆகி மேல்நாட்டுத் தலைகளில் ஏறுகிறது. வெட்டுத் துண்டு, குப்பை முடி? மனித முடியிலிருந்து சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் எடுக்கும் தொழிற்சாலைகள் உண்டு. அப்படி எடுத்ததை ரொட்டியில் சேர்க்கக்கூடாது என்று ஐரோப்பாவில் தடையே இருக்கிறது. தடை போட வேண்டிய அளவுக்கு நடந்திருக்கிறது என்று அர்த்தம். சிஸ்டீனும் அதன் உறவுக்காரரான சிஸ்டினும் கூந்தல் மாத்திரைகளில் சேர்க்கப்படும் சரக்குகள். எந்த டப்பாவில் எதிலிருந்து எடுத்தது என்று டப்பா சொல்லாது. கோயிலில் கொடுத்துவிட்டு வந்ததைக் கடையில் காசு கொடுத்து விழுங்குகிறோமோ என்னவோ. முருகனுக்கே வெளிச்சம்.

எனக்கு ஒரு யோசனை. அறிவியலில் இவ்வளவு அக்கறையுள்ள கம்பெனிகள், அடுத்த ஆய்வை இந்த மலையிலேயே நடத்தட்டும். ரிங்லெட்டிலிருந்து கம்போங் ராஜா வரை முடி கொட்டும் பெண்கள் இருநூறு பேர் தாராளமாகக் கிடைப்பார்கள். ஐந்து பேருக்கு அலைய வேண்டாம். நூறு பேருக்கு மாத்திரை கொடுங்கள். இன்னொரு நூறு பேருக்கு இரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் இரும்பு மாத்திரை, வாரம் மூன்று நாள் கெம்போங் மீன், தினம் ஒரு முட்டை, கிளினிக் போகச் சம்பளத்தோடு லீவு. யார் எந்தக் கூட்டம் என்று எண்ணுகிறவருக்குத் தெரியக்கூடாது. ஓராண்டு கழித்து முடியை எண்ணுங்கள். எண்ணும்போதே அவர்கள் நகத்தையும் கண்ணையும் பாருங்கள்.

நடத்த மாட்டார்கள். கெம்போங் மீனுக்குக் காப்புரிமை வாங்க முடியாது. முட்டைக்கு ஏஜெண்டு கமிஷன் கிடையாது. சம்பளத்தோடு லீவு என்ற வரியைப் படித்ததும் ஆய்வுக் குழுவில் பாதிப் பேருக்குத் தலை வலிக்கும், மீதிப் பேருக்கு வேறு கூட்டம் இருக்கும். அமைச்சு ஒரு கமிட்டி போடும். கமிட்டி தானா ராத்தாவில் மூன்று நாள் தங்கும். ஸ்கோன் தின்னும். ஸ்ட்ராபெர்ரி வாங்கும். இறங்கும்போது ஆளுக்கொரு டப்பா அன்பளிப்பாகக் கிடைக்கும். கமிட்டித் தலைவரின் தலையைப் பார்த்தால் அவருக்கு இரண்டு கொடுக்கலாம்.